பிந்தி வந்த நாடுகள்: தொழில்மயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிந்தித் தொழில்மயமான நாடுகள் என்றால் எவை?

பிரிட்டனைத் தவிர எல்லாமே. விளையாட்டாகச் சொல்லவில்லை. நூற்பு இயந்திரமும் நீராவி எஞ்சினும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கேதான் முதலில் ஒன்று சேர்ந்தன. அதற்குப் பிறகு ஆலை கட்டக் கிளம்பிய ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே, அதே சரக்கை ஏற்கெனவே மலிவாகச் செய்து விற்கிற ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அமெரிக்காவும் ஜெர்மனியும் முதல் வரிசை. ஜப்பான், ரஷ்யா, இத்தாலி அடுத்த வரிசை. கொரியா, தைவான், பிரேசில், துருக்கி எல்லாம் 20ஆம் நூற்றாண்டுக் கதை. அமெரிக்காவைப் போய்ப் பிந்தி வந்த நாடு என்பதா என்று தோன்றும். 1790இல் அது புகையிலையும் தானியமும் விற்று, ஆலைச் சரக்கைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்த நாடு.

முந்தியவன் தன் தொழில்நுட்பத்தைப் பூட்டி வைக்கவில்லையா?

பூட்டித்தான் வைத்தான். தேர்ந்த தொழிலாளிகள் வெளிநாட்டுக்குப் போய் வேலை செய்ய பிரிட்டனில் 1824 வரை தடை. இயந்திர ஏற்றுமதிக்கான தடை 1843இல்தான் நீங்கியது. ஆனால் மண்டைக்குள் இருப்பதை எந்தத் துறைமுகத்தில் சோதிப்பது? டெர்பிஷயரின் பெல்பர் என்ற ஊரில், நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன ஆர்க்ரைட்டின் தொழில் கூட்டாளி ஜெடிடையா ஸ்ட்ரட்டின் ஆலையில் தொழில் பழகியவர் சாமுவேல் ஸ்லேட்டர். 1789இல், 21 வயதில், பண்ணை ஆள் என்று சொல்லிக்கொண்டு கப்பல் ஏறினார். வரைபடம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. தொழில் பழகியதற்கான பத்திரத்தை மட்டும் ஒளித்து வைத்திருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில், ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில், நினைவிலிருந்தே கட்டிய ஆர்க்ரைட் இயந்திரம் ஓடியது. அமெரிக்காவில் அவர் தொழிற்புரட்சியின் தந்தை. பெல்பரில் 'துரோகி ஸ்லேட்டர்'.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒன்றை விட்டுவிடுவார்கள். அவர் வாயால் சொன்னதைப் புரிந்துகொண்டு இரும்பிலும் மரத்திலும் செய்து கொடுக்க, பாட்டக்கெட்டில் நல்ல கொல்லர்களும் தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் இல்லாத ஊரில் இறங்கியிருந்தால் ஸ்லேட்டர் நல்ல கதைசொல்லியாக மட்டும் இருந்திருப்பார்.

பிந்தி வருவதில் லாபம் ஏதாவது உண்டா?

பந்திக்கு முந்து என்பார்கள். ஆனால் பிந்தியவனுக்கும் ஒரு சௌகரியம் உண்டு: முந்தியவன் விழுந்த குழி எது என்று தெரியும். ஒடெஸாவில் பிறந்து ஹார்வர்டில் பாடம் சொன்ன பொருளாதார வரலாற்றாளர் அலெக்ஸாண்டர் கெர்ஷென்கிரான் இதைத்தான் அலசினார். அவர் சொன்னதன் சாரம் இது. பிரிட்டனில் ஒரு பட்டறைக்காரர் தன் லாபத்தைச் சேர்த்து அடுத்த இயந்திரத்தை வாங்கலாம், யாரும் துரத்தவில்லை. நூறு வருஷம் கழித்து வருகிறவருக்கு முதல் நாளே பெரிய ஆலை வேண்டும், ரயில் வேண்டும், உருக்கு வேண்டும். அவ்வளவு பணம் தனி ஆளிடம் இருக்காது. ஜெர்மனியில் அந்த இடத்தைப் பெரிய வங்கிகள் நிரப்பின. ரஷ்யாவில் வங்கியை நம்பவும் வழியில்லை, அரசே இறங்கியது. எவ்வளவு பிந்துகிறோமோ அவ்வளவு பெரிய கை தேவைப்படுகிறது.

ஜெர்மனியின் முதல் ரயில் 1835இல் நியூரம்பெர்கிலிருந்து ஃபூர்த் வரை ஆறு கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் நியூகாசிலில் செய்தது, ஓட்டியவரும் இங்கிலாந்துக்காரர். 1897இல் அதே ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ரசாயன நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, இந்தியாவின் அவுரிச் சாகுபடியைச் சரித்தது. இடையில் 62 ஆண்டுகள்தான்.

காப்பு வரி இல்லாமல் யாராவது முன்னேறியிருக்கிறார்களா?

காப்பு வரி என்றால் உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிச் சரக்கின் மேல் போடும் வரி. அது இல்லாமல் முன்னேறியவர்கள் மிகச் சிலர். சுவிட்சர்லாந்து வரியைக் குறைவாகவே வைத்திருந்தது. ஆனால் 1888 வரை அங்கே உருப்படியான காப்புரிமைச் சட்டமே கிடையாது. ரசாயனத் துறைக்கு அது வந்தது 1907இல். அதாவது அடுத்தவர் கண்டுபிடிப்பைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் பெரும்பாலும் வரிச்சுவர் எழுப்பியவர்கள்தான். சுதந்திர வணிகத்தின் தாய்வீடான பிரிட்டனே 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியை உள்ளே விடாமல் தடுத்தது. பிரிட்டனின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயர் வளர்ந்தது அந்த நிழலில். அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் 1791இல் உள்நாட்டுத் தொழிலுக்கு ஆதரவு கேட்டு அறிக்கை வைத்தார். 1890இல் மெக்கின்லி வரிச் சட்டம் வந்தபோது அமெரிக்க இறக்குமதி வரி சராசரியாக 50 சதவீதத்தை நெருங்கியது. ஜெர்மனியின் பொருளாதார அறிஞர் ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இலேயே சொல்லிவிட்டார்: மேலே ஏறியவன் ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் சுதந்திர வணிகம் பேசுகிறான் என்று.

சரி, வரி போட்டால் போதுமா? போதாது. வரி போட்டுத் தோற்ற நாடுகளின் பட்டியல், வரி போட்டு வென்ற நாடுகளின் பட்டியலைவிட நீளம். வரியைவிட, வரிக்குப் பின்னால் கேட்கப்பட்ட கணக்குதான் முக்கியம் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வரியே போட முடியாத ஜப்பான் எப்படி முன்னேறியது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. அடுத்து வந்த ஒப்பந்தங்கள் ஜப்பானின் இறக்குமதி வரியை ஏறத்தாழ 5 சதவீதத்தில் கட்டிப்போட்டன. முழு உரிமை திரும்பியது 1911இல். ஆகவே 1868இல் ஆட்சி மாறியதிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பு வரி என்ற ஆயுதம் கையில் இல்லை.

அரசே முதலில் மாதிரி ஆலைகள் கட்டியது. டோமியோகா பட்டு நூற்பாலை 1872இல் திறந்தது. பால் ப்ருனா என்ற பிரெஞ்சுக்காரர் பொறுப்பில் இருந்தார். ஆலை தயார், வேலைக்குப் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சிவப்பாக எதையோ குடிக்கிறார்கள், அது ரத்தம், நம் பெண்களைப் பிழிந்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அது திராட்சை மது. கடைசியில் ஆலையின் ஜப்பானிய மேலாளர் ஓடாகா தன் பதின்பருவ மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். ஆலை பெரிய லாபம் ஒன்றும் காட்டவில்லை. 1893இல் மிட்சுயி என்ற தனியார் குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆனால் அங்கே பழகிய பெண்கள் ஊர் திரும்பி, உள்ளூர் ஆலைகளில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கச்சாப் பட்டு 1930கள் வரை ஜப்பானுக்கு டாலர் கொண்டுவந்தது. இயந்திரம் வாங்கக் காசு வந்த வழிகளில் முதன்மையானது அது.

பருத்தியில் பாடம் வேறு மாதிரி. அரசு ஆதரவில் கிளம்பிய நூற்பாலைகள் ஒவ்வொன்றும் 2,000 கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) அளவில் சின்னதாக இருந்து திணறின. தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி திரட்டிய தனியார் பணத்தில் எழுந்த ஒசாகா நூற்பாலை 1883இல் 10,500 கதிர்களோடு ஓட ஆரம்பித்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த யமனொபெ டகெயோ என்ற இளைஞரைப் பிடித்து, படிப்பை மாற்றி, லங்காஷயரில் ஓர் ஆலையில் நேரடியாகத் தொழில் பழகச் சொன்னார் ஷிபுசாவா. இயந்திரம் விலை அதிகம், ஆள் கூலி குறைவு. அப்படியானால் இயந்திரம் தூங்கக்கூடாது. இரவும் பகலும் ஓட்டினார்கள். முதலில் எண்ணெய் விளக்கு, 1886இல் மின்விளக்கு. வரிச்சுவர் இல்லாததால் முதல் நாளிலிருந்தே இந்திய நூலோடும் பிரிட்டிஷ் நூலோடும் விலையில் மோத வேண்டியிருந்தது. ஏமாற்ற இடமில்லை.

யவாடா உருக்காலையையும் சொல்லாமல் விட முடியாது. சீனாவோடு நடந்த போரில் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பங்கு அதில் போனது. ஜெர்மன் வடிவமைப்பு, ஜெர்மன் பொறியாளர்கள். 1901இல் இரும்பு உருக்கும் ஊதுலையைப் பற்றவைத்தார்கள், 1902இல் அணைக்க வேண்டியதாயிற்று. உள்ளூர் நிலக்கரியில் செய்த கோக் எரிபொருளும் அந்த உலையும் ஒத்துப்போகவில்லை. நொரோ காகெயோஷி என்ற உலோகவியல் பேராசிரியர் உலையின் உள்வடிவத்தையும் கோக் தயாரிப்பையும் மாற்றியமைத்த பிறகு 1904இல் ஒழுங்காக ஓடியது. வாங்கி வந்த இயந்திரத்தைப் பிரித்துத் திருத்தத் தெரிந்த ஆள் உள்நாட்டில் இருந்தார் என்பதுதான் இதில் விஷயம்.

எகிப்துக்கும் இதே வாய்ப்பு இருந்ததே?

ஜப்பானுக்கு அரை நூற்றாண்டு முன்பே எகிப்தை ஆண்ட முகம்மது அலி அங்கே நூற்பாலைகளும் நெசவாலைகளும் ஆயுதச் சாலைகளும் கட்டினார். ஐரோப்பிய நிபுணர்களை அழைத்தார், மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். 1838இல், எகிப்துக்கு மேலதிகாரம் கொண்டிருந்த ஆட்டோமன் அரசு பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் இறக்குமதி வரியைக் குறைந்த அளவில் கட்டிப்போட்டு, அரசின் ஏகபோகக் கொள்முதலையும் தடை செய்தது. 1841இல் அவருடைய படை 18,000 ஆளாகச் சுருக்கப்பட்டது. அந்தப் படைதான் ஆலைகளின் பெரிய வாடிக்கையாளர். நிலக்கரி இல்லாமல் பல இயந்திரங்களை மாடு கட்டி இழுத்த ஆலைகள் அதற்கு மேல் தாங்கவில்லை. பழியை ஒப்பந்தத்தின் மேல் மட்டும் போடுகிறவர்கள் உண்டு. ஜப்பானுக்கும் கை கட்டப்பட்டிருந்தது என்பதால் எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. தன் படைக்கு மட்டும் விற்ற ஆலை, வேறு யாரிடமும் விற்கப் பழகவில்லை.

தென் கொரியா செய்தது என்ன?

1961இல் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த பார்க் சுங்-ஹீ முதலில் பெரிய முதலாளிகளை, தவறான வழியில் சொத்து சேர்த்ததாகச் சொல்லிப் பிடித்தார். அப்புறம், அரசு சொல்கிற தொழிலில் ஆலை கட்ட வேண்டும் என்ற பேச்சில் விட்டுவிட்டார். வங்கிகளை அரசே எடுத்துக்கொண்டது. இனி கடன் வேண்டுமென்றால் ஓரிடம்தான். வெளிச்சந்தையில் வட்டி இருபது சதவீதத்துக்கும் மேல் போனபோது, ஏற்றுமதிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஒற்றை இலக்கம்.

அங்கேதான் கொரியா மற்றவர்களிடமிருந்து பிரிகிறது. சலுகைக்கு ஒரு தேர்வு இருந்தது, தேர்வுத்தாளைத் திருத்துகிறவன் வெளிநாட்டு வாடிக்கையாளன். உள்நாட்டு அமைச்சரை மாமன் மச்சான் உறவில் சரிக்கட்டலாம். நியூயார்க்கில் சட்டை வாங்குகிறவரைச் சரிக்கட்ட முடியாது. அதிபர் தலைமையில் மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடக்கும். எந்த நிறுவனம் இலக்கைத் தொட்டது, எது தொடவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். 1964இல் ஏற்றுமதி 10 கோடி டாலர். அந்த நாளைக் கொண்டாடி ஏற்றுமதி தினம் என்றே வைத்தார்கள். 1977இல் 1,000 கோடி. 1970 வாக்கில் அந்தப் பட்டியலில் துணி, ஒட்டுப்பலகைக்கு அடுத்து நின்ற சரக்கு டோப்பா. ஆமாம், தலைமுடி. இன்று கப்பலும் சிப்பும் விற்கிற நாடு.

தேர்வு என்றால் தோல்வியும் இருக்க வேண்டுமே. இருந்தது. 1960களில் கார் தொழிலில் முன்னே நின்றது ஷின்ஜின் என்ற நிறுவனம். அது கடனில் மூழ்கியபோது முதலாளியைக் காப்பாற்றவில்லை. அரசு வங்கி பங்கை எடுத்து, பிறகு நிர்வாகத்தைத் தேவூ என்ற குழுமத்திடம் கொடுத்தது. ஆலை பிழைத்தது, முதலாளி போனார். அதைப் பார்த்த மற்றவர்களுக்கு அதற்கு மேல் அறிவுரை தேவைப்பட்டிருக்காது.

போஹாங் உருக்காலைக் கதை தெரிந்திருக்கும். உலக வங்கி தேறாது என்று சொல்லிவிட்டது, மேற்கத்திய நிறுவனங்கள் கழன்றுகொண்டன. 1965இல் ஜப்பானோடு போட்ட ஒப்பந்தத்தில் வந்த காலனிய ஆட்சிக்கான ஈட்டுப்பணத்தைத் திருப்பிவிட்டு, ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு கட்டினார்கள். பொறுப்பேற்ற பார்க் டே-ஜூன் தன் ஆட்களிடம் சொன்னது: இது முன்னோர் ரத்தத்தின் விலை, தோற்றால் எல்லாரும் வலப்பக்கம் திரும்பிக் கடலில் குதிப்போம். 1973 ஜூன் 9இல் முதல் இரும்பு உருகி வந்தது. 1977இல், எண்பது சதவீதம் முடிந்திருந்த ஒரு கான்கிரீட் அடித்தளத்தில் குறை கண்டு, ஊழியர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர்கள் கண் முன்னே வெடிவைத்துத் தகர்த்தார்.

நிலச் சீர்திருத்தத்துக்கும் ஆலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. தைவானில் 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டினார்கள். 1953இல் உழுகிறவனுக்கே நிலம் போனது. கொரியாவில் 1950இல் சுமார் மூன்று ஹெக்டேர் உச்சவரம்பு. உழவன் கையில் காசு வந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். தொழில் கொள்கையை முடக்கக்கூடிய ஜமீன்தார் கூட்டமும் கரைந்தது. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அந்தக் கூட்டம் அப்படியே இருந்தது.

லத்தீன் அமெரிக்கா எங்கே சறுக்கியது?

முழுக்கச் சறுக்கியது என்பதே தவறு. பிரேசில் 1946இல் வோல்டா ரெடோண்டாவில் உருக்கு வார்த்தது. 1968 முதல் 1973 வரை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. அர்ஜென்டினப் பொருளாதார அறிஞர் ரவுல் ப்ரெபிஷ் சொன்ன வாதமும் அசட்டு வாதம் அல்ல: மூலப்பொருள் மட்டும் விற்கிற நாட்டுக்கு, வாங்குகிற இயந்திரத்தோடு ஒப்பிட்டால் விலை காலப்போக்கில் பாதகமாகவே போகிறது, ஆகவே இறக்குமதி செய்வதை இங்கேயே செய்வோம் என்றார்.

செய்த விதத்தில்தான் கோளாறு. 1960களின் தொடக்கத்தில் சிலியில் சுமார் 20 நிறுவனங்கள் கார் பூட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்கள்! ஒவ்வொன்றும் பாலைவன எல்லையில் உள்ள அரிகா போன்ற ஊருக்குப் பெட்டியில் பாகங்களை வரவழைத்துப் பூட்டியது. வெளியே விற்க வேண்டிய கட்டாயம் இல்லை, மூடவும் மாட்டார்கள். பிறகு எண்ணெய் விலை ஏறியது, கடன் வாங்கிச் சமாளித்தார்கள், அமெரிக்க வட்டி எகிறியது. 1982 ஆகஸ்டில் கட்ட முடியாது என்று மெக்ஸிகோ கையை விரித்தது. கொரியாவும் அப்போது கழுத்துவரை கடனில்தான் இருந்தது. ஆனால் திருப்பிக் கட்ட டாலர் சம்பாதிக்கும் ஆலைகள் அதனிடம் இருந்தன. பிரேசிலிலும் தொடக்கத்திலேயே வெளிச்சந்தைக்குப் போன எம்ப்ரேயர் விமான நிறுவனம் பிழைத்ததைக் கவனியுங்கள்.

இந்தியா இதில் எங்கே வருகிறது?

தேர்வைத் தலைகீழாக வைத்த நாடு என்பேன். 1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி ஆலைக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது, லைசென்ஸில் ஓர் அளவு இருந்தது. அந்த அளவைத் தாண்டி உற்பத்தி செய்தால் அது குற்றமாக இருந்தது. கொரியாவில் அதிகம் செய்தவனுக்குப் பரிசு, இங்கே நோட்டீஸ். ஆனால் எல்லாம் வீண் என்று எழுதிவிட முடியாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தராமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. சுவிட்சர்லாந்து அந்தக் காலத்தில் அனுபவித்த சௌகரியத்துக்கு நெருங்கிய உறவு. மருந்துத் தொழில் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து, 2001இல் சிப்லா எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது.

சோவியத் வழியை ஏன் யாரும் பேசுவதில்லை?

வேகம் உண்மை, மக்னிடோகோர்ஸ்கில் 1929இல் வெற்று மேட்டில் தொடங்கி 1932இல் இரும்பு எடுத்தார்கள். மாதிரி, அமெரிக்காவின் கேரி நகர உருக்காலை. அந்த இயந்திரங்களுக்கான டாலருக்காகத் தானியம் ஏற்றுமதியானது. 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் ஏற்றுமதி நிற்கவில்லை. இதைப் பொருளாதார உத்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மற்ற நாடுகளில் விலை கொடுத்தது யார்?

பெரும்பாலும் இளம் பெண்கள். ஜப்பானின் பட்டாலை விடுதிகளிலும் கொரியாவின் தையல் மாடங்களிலும் அவர்கள்தான். சியோலின் அமைதிச் சந்தையில், நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்துக்கு ஓர் அறையை இரண்டு தட்டாகப் பிரித்துத் தைக்க வைத்தார்கள். அங்கே துணி வெட்டுபவராக இருந்த ஜோன் டே-இல், தொழிலாளர் சட்டம் ஏட்டில் இருக்கிறது, அதை அமல்படுத்துங்கள் என்று மனுப் போட்டு ஓய்ந்தார். 1970 நவம்பர் 13இல், சட்டப் புத்தகத்தோடு தன்னையும் கொளுத்திக்கொண்டார். 22 வயது. ஏற்றுமதித் தேர்வில் கூலிக்கும் உயிருக்கும் மதிப்பெண் கிடையாது என்பது என் வாதத்தின் பெரிய ஓட்டை, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் சர்வாதிகாரம் இல்லாமல் ஆகாதா?

ஆகும். சர்வாதிகாரிகள் எண்ணற்றவர்கள், கொரியாக்கள் கொஞ்சம்.

இன்று கிளம்பும் நாட்டுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா?

பாதி மூடிவிட்டது. 1995இல் உலக வணிக அமைப்பு வந்தபின், உள்நாட்டுப் பாகம் இவ்வளவு வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், பெரும்பாலான நாடுகள் ஏற்றுமதி மானியம் தருவதும் விதிமீறல். சீனா என்ற பெரும் போட்டியாளர் வேறு. ஆலைகளுக்கு முன்னளவு ஆட்களும் வேண்டியதில்லை.

ஆனால் ஸ்லேட்டர் வழி இன்னும் மூடவில்லை. 1970களின் இறுதியில் வங்கதேசத்தின் தேஷ் என்ற புதிய ஆடை நிறுவனம் கொரியாவின் தேவூவோடு ஒப்பந்தம் போட்டு, 130 பேரை ஆறு மாதம் புசானுக்கு அனுப்பியது. துணி வெட்டுவது, தையல் வரிசையை ஓட்டுவது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது என எல்லாம் பழகித் திரும்பினார்கள். ஒரு பத்தாண்டுக்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், மற்றவர்களைப் புது முதலாளிகள் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். தேஷுக்கு அது நஷ்டம். வங்கதேசம் இன்று உலகின் பெரிய ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று.